கருத்து இருக்கிறது, வாதம் இல்லை

கேள்வி: பெருந்துறை அருகே பிளஸ் ஒன் படிக்கிறேன். 'நொய்யலைக் காப்போம்' என்று கட்டுரைப் போட்டிக்கு எழுதினேன். "கருத்து இருக்கிறது, வாதம் இல்லை" என்று குறித்து ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?

பதில்: நீ அனுப்பிய முதல் பத்தியைப் பலமுறை படித்தேன், அம்மணி. நீர் உயிருக்கு ஆதாரம், நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறக்கிறது, சாயக்கழிவு தீமை, அரசு விழிக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் பாவு ஓட்டிவிட்டு ஊடை கோக்காத தறிபோல வாக்கியங்கள் தனித்தனியே நிற்கின்றன.

ஒரு பத்திக்கு ஒரே கூற்று போதும். அது யாராவது மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'நீர் உயிருக்கு ஆதாரம்' என்பதை மறுப்பவர் இல்லை. அங்கே வாதத்துக்கு வேலையும் இல்லை. 'சுத்திகரிக்காத சாயநீரை ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடக்கூடாது' என்று தொடங்கு. அடுத்து சான்று: நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது, அதில் சாயநீர் தேங்கியது, யாருக்காகக் கட்டினார்களோ அந்த விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். பெரும்பாலான மாணவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஆகவே என்ன?' என்பதற்கு விடையை நீதான் எழுத வேண்டும்: சாயத்தொழிலால் ஒரு ரூபாய்கூட ஈட்டாதவர்கள் அதன் நட்டத்தைச் சுமந்தார்கள். இந்த வாக்கியம்தான் வாதம். சான்று அதற்குத் துணை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். உன் ஊருக்குப் பக்கத்துச் சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊர் என்று சொல்வார்கள். அவருடைய இலக்கண நூலான நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூல் எழுதுபவர் கொள்ளும் கொள்கைகளில், ஒன்று, 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு': மாற்றுக் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு நீக்குவது. உன் கட்டுரையில் இது இல்லவே இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனையோ குடும்பங்களின் கூலி நின்றது. உன் தெருவிலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கவலையை அவர்களே 'சரியாகச் சொன்னாய்' என்று தலையசைக்கும்படி எழுது. பிறகு, கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்கும் முறைக்கு மாறிய பட்டறைகள் மீண்டும் இயங்கியதைக் காட்டு. எதிர்த்தரப்பைக் கொடியவர்களாக்கிவிட்டால் நடுவில் நிற்கும் வாசகர் உன்னை விட்டு விலகிவிடுவார்.

உணர்ச்சி வேண்டும்தான். செத்த மீன், கறுத்த கிணறு என ஒரு காட்சி போதும், ஆச்சரியக்குறிகளை எடுத்துவிடு.

முடிவில் 'விழித்தெழுவோம்' வேண்டாம். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்', அதாவது போகப்போக வலுக்குறைந்து முடிவது, என்பது இதுதான். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று கேள்.

திருத்தியதைச் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்குப் படித்துக் காட்டு. "அப்படிச் சொல்லிவிட முடியாதே" என்று அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அங்கே இன்னொரு பத்தி எழுத வேண்டியிருக்கும்.