என்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி

டைமிங் பெல்ட் (என்ஜினுக்குள்ள பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாம ஓட வைக்கற பெல்ட்) மாத்தி நாலு மாசத்துல ஓடிட்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகி என்ஜின் போயிடுச்சு, பெல்ட் மாத்துன ஒர்க்‌ஷாப்பே இப்போ "எங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, என்ஜினே மாத்தணும்"னு கொட்டேஷன் குடுக்குறாங்க, மாத்திட்டு கேஸ் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. ராத்திரி குழந்தைங்களோட நடுரோட்டுல நின்னது, மேனேஜர் மரியாதையில்லாம பேசினது எல்லாம் வருத்தம்தான், ஆனா கேஸ் அதுல நிக்காது. என்ஜின் ஏன் போச்சு? அது ஒண்ணுதான் கேள்வி.

பெல்ட் நழுவி, மேல வந்த பிஸ்டன் திறந்திருந்த வால்வை அடிச்சு வளைச்சிருந்தா அவங்க வேலையைக் கை காட்டலாம். ஆயில் இல்லாம பேரிங் தேய்ஞ்சு பிடிச்சிருந்தா கதையே வேற. சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சும் வீடு பக்கம்தானேன்னு ஓட்டினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எதிர் வக்கீல் அந்த வரியைத்தான் பிடிப்பாரு.

நான் திரும்பத் திரும்பப் பாக்குறது இதுதான். கோபத்துல வண்டியை வேற மெக்கானிக்கிட்ட இழுத்துட்டுப் போய், அவரு பிரிச்சு, பழைய பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வளைஞ்ச வால்வு எல்லாம் ஸ்கிராப்புக்குப் போனப்புறம் என்கிட்ட வருவாங்க. கையில பில் மட்டும் இருக்கும், அது எவ்வளவு செலவாச்சுன்னு சொல்லும், யாரால ஆச்சுன்னு சொல்லாது. அதனால ரெண்டு பக்கமும் சேராத ஒரு ஆட்டோமொபைல் என்ஜினியரை வச்சு, ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்துல தேதி சொல்லி, அவங்க ஆள் முன்னாடியே பிரிங்க. ஆயில் சாம்பிள், ஈசியூல (வண்டியோட கம்ப்யூட்டர்) பதிவான எரர் கோடு, கழட்டுன ஒவ்வொரு பார்ட்டோட போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கட்டும். இன்சூரன்ஸை நம்பி உக்காராதீங்க, விபத்து இல்லாம மெக்கானிக்கலா போனதை சாதாரண பாலிசி கவர் பண்ணாது.

இன்னொண்ணு, உங்க வண்டி பழசு. கொட்டேஷன் வண்டியோட மார்க்கெட் விலையைத் தாண்டுச்சுன்னா, ரிப்பேர் பண்ணிட்டு முழுப் பணத்தையும் கேட்டா பெரும்பாலும் கிடைக்காது, என்ஜின் போறதுக்கு முன்னாடி என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுல ஸ்கிராப் மதிப்பு போக மீதிதான் கணக்கு. அந்த நிலைமைல என்ஜின் மாத்தவே மாத்தாதீங்க.

ரிப்போர்ட் முழுசா உங்க பக்கம் இல்லன்னா பேசி முடிங்க, ஆயில் லைட் விஷயம் இருக்குறதால நேராவே சொல்றேன். லேபர் அவங்களோடது, பார்ட்ஸ் பாதிப் பாதி, வாரன்டி எழுத்துல. "இனி எந்த கிளைமும் இல்ல"ன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க, நல்லா ஓட்டிப் பாக்காம கையெழுத்து போடாதீங்க. வண்டி அவங்க ஷெட்டுலயே நிக்குது, நாளைக்கு பார்க்கிங் சார்ஜ்னு ஒரு பில் வரும், பிரிக்கற தேதி சொல்ற அந்த லெட்டரை இந்த வாரமே அனுப்பிடுங்க.