‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால்? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் கரு தங்கவில்லை.” எல்லாரும் அரசுச் செலவில் சிகிச்சை கேட்டுக் காத்திருப்பவர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டு விதி என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கே: இருவருக்கும் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். குறை இல்லாதவர்களுக்கு அரசு ஏன் செலவு செய்யும்? விண்ணப்பிக்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வேண்டாம். ‘காரணம் தெரியாத குழந்தையின்மை’ என்பதும் ஒரு நோயறிதல்தான், நீங்கள் நலம் என்ற சான்றிதழ் அல்ல. முட்டை ஒழுங்காக வெளிவருகிறது, கருக்குழாய் திறந்திருக்கிறது, விந்து அளவுகள் சரி. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் ஓராண்டுக்கு மேல் கரு தங்காவிட்டால் இந்தப் பெயர். முட்டையின் தரம் எப்படி, உயிரணு அதற்குள் போகிறதா, உருவான கரு கர்ப்பப்பையில் ஒட்டுகிறதா என்பதையெல்லாம் வழக்கமான பரிசோதனை காட்டாது. ஆக, குறை இருக்கலாம். நம் கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிகிச்சைக்கு வரும் ஜோடிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்தப் பெயரோடுதான் வருகிறது.

கே: இரண்டு வருடம் முயன்ற பிறகு வாருங்கள் என்கிறார்கள். எனக்கு வயது 33. பணம் மிச்சம் பிடிக்கத்தான் இப்படி இழுத்தடிக்கிறார்களா?

கொஞ்சம் அதுவும் இருக்கலாம். ஆனால் கணக்கும் இருக்கிறது. பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருக்கும் 100 ஜோடிகளில் 80க்கு மேல் முதல் ஆண்டிலேயே கருத்தரித்துவிடுகிறார்கள். மீதியில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில். அதை நம்பித்தான் இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலில், காரணம் தெரியாதவர்களுக்கு ஐ.வி.எஃப்-க்கு (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் முறை) முன் இரண்டு ஆண்டு என்று வைத்தது.

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த இரண்டு ஆண்டில், பரிசோதனைக்கு முன் நீங்கள் வீட்டில் முயன்ற ஓராண்டும் சேர்த்தி. கணக்கு தொடங்குவது முயற்சி தொடங்கிய மாதத்தில், முதன்முதலில் மருத்துவமனைப் படி ஏறிய நாளில் அல்ல. ஒரு ஃபைலில் ‘முயற்சி: சில காலமாக’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த ஜோடி அதற்குள் இருபது மாதங்களைக் கடந்திருந்தது. ‘சில காலம்’ எந்த அலுவலகத்திலும் செல்லாது. மாதமும் வருடமும் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் முதல் பரிசோதனைக்கே ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் போய்விடுங்கள்.

கே: 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் முட்டை வரவில்லை என்று வந்தது. ஸ்கேன் எடுத்தவர் வந்திருக்கிறது என்கிறார். என் சுழற்சி 35 நாள். யாரை நம்புவது?

ஸ்கேனை. அந்த ரத்தப் பரிசோதனை, முட்டை வெளிவந்த பிறகு கூடும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் அளவைப் பார்ப்பது. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும். 28 நாள் சுழற்சிக்கு அது 21ஆம் நாளில் விழும். உங்களுக்கு 28ஆம் நாள். சுழற்சி தாறுமாறாக வருபவர்களுக்கு, மாதவிடாய் வரும்வரை வாரம் ஒரு தடவை எடுப்பார்கள். தப்பான நாளில் எடுத்த அந்த முடிவு ஃபைலில் அப்படியே கிடந்தால் ‘முட்டை வரவில்லை’ என்ற வேறு பிரிவில் உங்களைப் போட்டுவிடுவார்கள். மாத்திரை, காத்திருப்பு எல்லாமே அதற்கேற்ப மாறிவிடும். சரியான நாளில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கே: கணவர் ஒருமுறை விந்துப் பரிசோதனை செய்தார், சரியாக இருந்தது. மறுபடி வேண்டுமா?

சரியாக இருந்தால் தேவையில்லை. குறைவாக வந்தவர்கள்தான் மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் உயிரணு உருவாகவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ரிப்போர்ட் பழசாகிவிட்டது என்று அலுவலகம் புதிதாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதற்குச் சண்டை வேண்டாம்.

கே: காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்தவர் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். இன்னொருவர் கர்ப்பப்பையின் உட்படலத்தைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்கிறார்.

தவிப்பு புரிகிறது. ஆனால் முட்டை வெளிவரத் தூண்டும் கிளோமிஃபீன் மாத்திரையை மட்டும் விழுங்குவது உங்களைப் போன்றவர்களுக்கு உதவாது. ஸ்காட்லாந்தில் செய்து 2008இல் வெளியான ஆய்வில், சும்மா காத்திருந்தவர்களில் 100க்கு 17 பேருக்குக் குழந்தை பிறந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 14. கீறுவதும் அப்படித்தான். 2019இல் 1,364 பெண்களிடம் ஒப்பிட்டதில் கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. காரணம் தெரியாதவர்களுக்குச் சாதாரண ஐ.வி.எஃப்-ஐ விட, ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி மேல் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

ஒன்றே ஒன்றுக்கு வேண்டுமானால் பரிந்துரை செய்வேன். கருக்குழாய் எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை என்றால், குழாய்க்குள் எண்ணெய்த் திரவத்தைச் செலுத்தி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஆறு மாதத்துக்குள் கருத்தரித்து அது நிலைத்தவர்கள், எண்ணெய்த் திரவத்தில் 100க்கு ஏறக்குறைய 40; நீர்த் திரவத்தில் 29. எல்லா இடத்திலும் செய்வதில்லை, எல்லாருக்கும் பொருந்தவும் செய்யாது. கேட்பதில் நஷ்டம் இல்லை.

மருந்தோடு சேர்த்துச் செய்யும் ஐ.யு.ஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள் நேராகச் செலுத்துவது) வேறு விஷயம். ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவர் சங்கமான எஷ்ரே, 2023இல் காரணம் தெரியாதவர்களுக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னதே அதைத்தான். உங்களுக்கு அதைத்தான் முதலில் கொடுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

கே: டென்ஷன் ஆகாமல் இருந்தால் தானாக வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் யாரும் உங்கள் இடத்தில் இல்லை. வேறென்ன சொல்ல?

கே: வரிசை நீளமாக இருக்கிறது. கடன் வாங்கி ஒரு தடவை தனியாரிடம் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு: “சொந்தக் காசில் செய்ததை எங்கள் பங்கில் கழிப்பீர்களா?” நைஸ் வழிகாட்டுதலில் 40 வயதுக்குள் மூன்று முழு ஐ.வி.எஃப் சுழற்சிகள், யார் காசில் செய்திருந்தாலும் ஏற்கெனவே செய்தது அதில் கழியும். ஆனால் அது வழிகாட்டுதல்தான். கடைசியில் பணம் தருவது அந்தந்த வட்டாரச் சுகாதார வாரியம், பல இடங்களில் ஒரே ஒரு சுழற்சிதான். அங்கே கடன் வாங்கிச் செய்த ஒன்று, இலவசமாகக் கிடைக்க வேண்டிய அந்த ஒன்றையும் காலி செய்துவிடலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வயது வரம்பிலும் அதே கவனம் வேண்டும். பிரான்ஸில் முட்டை எடுப்பது 43ஆவது பிறந்தநாளுக்குள். இஸ்ரேலில் சொந்த முட்டைக்கு 45 வரை, இரண்டு குழந்தை வரை அரசு செலவு. உங்கள் ஊர் விதி எதுவானாலும், பெயர் பதிந்த அன்று இருக்கும் வயதைப் பார்ப்பார்களா, சிகிச்சை தொடங்கும் அன்றைய வயதையா என்று கேளுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே அந்த ஒரு பதில்தான்.

கே: எடை கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி அவ்வளவுதானா?

இல்லை. எடை, புகைப் பழக்கம் போன்றவற்றுக்கு மறுத்தால் அது பெரும்பாலும் ‘இப்போதைக்கு இல்லை’ என்பதுதான். எந்த அளவுக்கு வந்தால் ஏற்பீர்கள், அதுவரை வரிசையில் என் இடம் இருக்குமா, இல்லை புதிதாகத் தொடங்க வேண்டுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். துணைவருக்கு முந்தைய உறவில் குழந்தை உண்டு என்று மறுத்தால் கஷ்டம். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நூற்றில் ஒருவர் நிலைமை என்று காட்டினால்தான் எடுபடும். வருத்தத்தை மட்டும் எழுதினால் அசைய மாட்டார்கள்.

கே: ஒரு சுழற்சிக்கு அனுமதி வந்துவிட்டது! உறையவைக்கும் கருக்களும் அதில் சேருமா?

நல்ல செய்தி. நைஸ் சொல்லும் ‘முழுச் சுழற்சி’ என்றால், ஒருமுறை முட்டை எடுத்து உருவான நல்ல கருக்கள் அத்தனையையும், உறையவைத்தவை உட்பட, வைத்து முடிப்பது. சில இடங்களில் ஒரு முறை கரு வைத்ததோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்; உறைந்த கருவுக்குத் தனிக் கட்டணம் வரும். உங்கள் கடிதத்தில் ‘முழு’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், மருந்து தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.