வீட்டுக்கல்வியை உறவினர்கள் குறை சொன்னால் எப்படிப் பதில் சொல்வது?

முதலில், கேட்பவர் அக்கறையில் கேட்கிறாரா, குத்திக்காட்டக் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாமவருக்கு "நாங்கள் யோசித்துத்தான் செய்கிறோம்" என்பதே போதும்.

தாத்தா பாட்டியின் கவலை வேறு. "நாளைக்கு சர்டிஃபிகேட்டுக்கு என்ன செய்வான்?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு உறுதியான பதிலும் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டு செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். இதைப் பொறுமையாகச் சொன்னாலே பெரியவர்களின் பயம் பாதி குறைந்துவிடும்.

"இது சட்டப்படி குற்றம்" என்பார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. அதற்காக, வீட்டுக்கல்விக்குச் சட்டம் தெளிவாக அனுமதி தந்திருக்கிறது என்று வாதாடாதீர்கள், அது உண்மையல்ல.

அப்புறம், "நண்பர்களே இல்லாமல் வளர்வானே" என்ற விமர்சனம். இதை மட்டும் தட்டிக்கழிக்க வேண்டாம். மாலை விளையாட்டு, நூலகம், நீச்சல் வகுப்பு எல்லாம் பெற்றோர் முயற்சி எடுத்தால்தான் நடக்கும். தினமும் யாருடன் விளையாடுகிறான் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு கேட்டுச் சோதிக்க யாரையும் விடாதீர்கள்.