உரைகல் பக்கம் போகவே வேண்டாம்

கேள்வி: எங்கள் தெருவில் காலமான ஓர் அமெரிக்க மூதாட்டியின் வீட்டுச் சாமான்களை அவர் மகன் விற்றபோது, 1908 என்று பொறித்த 20 டாலர் தங்க நாணயம் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கம் தீப்பந்தம் ஏந்திய பெண், மறுபக்கம் பறக்கும் கழுகு. ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கலாமா? தெரிந்த நகைக்கடையில் உரசிப் பார்க்கச் சொல்லலாமா? இது அபூர்வமானதா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தேய்க்கவும் வேண்டாம், உரசவும் வேண்டாம் அம்மா. அந்தக் கறை அழுக்கில்லை. அமெரிக்கத் தங்க நாணயத்தில் பத்தில் ஒரு பங்கு செம்பு. மேற்பரப்பில் இருக்கும் செம்பு வருடக்கணக்கில் காற்றுப்பட்டு இப்படி நிறம் காட்டும். நகையைப் பளபளவென்று வைத்துக்கொள்வது நம் பழக்கம். நாணயத்தில் அதே பழக்கம் விலையைக் குறைத்துவிடும். தேய்த்த தடம் தெரிந்தால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் தரத்தைக் குறிக்கும் எண் தர மாட்டார்கள். 'அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

உரைகல் இன்னும் மோசம். விளிம்பில் கீறல் விழும். அப்படி உரசியும் தங்கமா இல்லையா என்பதுதான் தெரியும். நாணயம் அசலா என்று தெரியாது. இதே வகையில், உருவங்கள் தூக்கலாக எழும்பி நிற்கும்படி 1907-இல் அடித்த நாணயத்துக்கு நல்ல தங்கத்திலேயே போலி செய்திருக்கிறார்கள். செய்தவர் கழுகின் நகத்துக்குள் கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் பொடியாகப் பொறித்து வைத்திருக்கிறார். உரைகல் அதற்கும் 'நல்ல தங்கம்' என்றுதான் சொல்லும். சந்தேகமாக இருந்தால் எடை பாருங்கள்: 33.436 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. குறுக்களவு 34 மில்லிமீட்டர். கடையில் எக்ஸ்ரே கருவி இருந்தால் அதில் வைத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை.

சரி, அபூர்வமா? கழுகுக்குக் கீழே உதிக்கும் சூரியனைப் பாருங்கள். சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் வடித்த இந்த நாணயத்தில் முதலில் 'இன் காட் வி டிரஸ்ட்' (IN GOD WE TRUST) என்ற கடவுள் வாசகம் கிடையாது. காசில் கடவுள் பெயர் கூடாது என்பது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் எண்ணம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்பவில்லை. 1908-இலேயே சூரியனுக்கு மேல் வளைவாக வாசகம் ஏறியது. வாசகம் இல்லாமல் பிலடெல்பியாவில் அடித்தவை 42 லட்சத்துக்கும் மேல், அது நிறையவே கிடைக்கும். வாசகம் இருந்து, பெண் உருவம் உள்ள பக்கத்தில் ஆண்டுக்கு மேலே பொடியாக 'எஸ்' இருந்தால் சான்பிரான்சிஸ்கோ அச்சு. அடித்ததே 22,000தான். அப்படியானால் உடனே தரச்சான்றுக்கு அனுப்புங்கள்.

தரத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கீழே மெத்தென்று துணி விரித்து, நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடித்து, ஒற்றை விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத நாணயத்தில் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வரும். பெண்ணின் மார்பு, முழங்கால், கழுகின் இறக்கை, இந்த மேட்டுப் பகுதிகளில் அந்த ஒளி அறுந்து மங்கினால் நாணயம் கைமாறிப் புழங்கியது. 70 வரை போகும் தர எண்ணில் அது 60-க்குக் கீழேதான் நிற்கும். புழங்காதவற்றிலும் தழும்பு இருக்கும், ஏனென்றால் இவற்றைத் துணிப்பையில் கொட்டித்தான் வங்கிக்கு வங்கி அனுப்பினார்கள், ஒன்றோடொன்று மோதியிருக்கும். தழும்பு பெண்ணின் உடலிலா, வெற்றிடத்திலா, ஆழமா என்பதை வைத்துத்தான் 62, 64, 65 என்று எண் மாறுகிறது. ஓரெண் கூடினால் அபூர்வ வருட நாணயத்தில் விலை பல மடங்கு ஏறிவிடும்.

அதுவரை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பச்சைப் பிசுக்கு படியும். மைலார் உறையோ கெட்டியான நாணயக் கூடோ வாங்கிக்கொள்ளுங்கள்.