அன்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தொகுதி வேட்பாளர் ஐந்து வருடத்துக்கு முன்னால் எதிர்த்த திட்டத்தை இப்போது ஆதரிக்கிறார். துண்டறிக்கை போட்டு ஊரறியச் சொல்ல நினைக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? (பட்டுக்கோட்டை வாசகர்)

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள், துண்டறிக்கை அப்புறம். பக்கத்தை நான்காகக் கோடு போட்டு நாள், இடம், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வரியை அச்சுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது மூன்றாவது கட்டத்தில்தான். பத்திரிகைத் தலைப்பை வேட்பாளரின் வாக்கியமாக எடுத்துக்கொள்வார்கள். தலைப்பை எழுதியவர் உதவி ஆசிரியர். ‘திட்டத்துக்கு எதிர்ப்பு’ என்று தலைப்பு இருக்கும், உள்ளே படித்தால் ‘விளைநிலத்தை எடுக்காமல் வேறு பாதையில் போடுங்கள்’ என்றுதான் பேசியிருப்பார். பாதை மாறியபின் அவர் ஆதரித்தால் அதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? இரண்டு பேச்சும் ஒரே கேள்விக்கான பதில்தானா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. நம் ஊரில் ஒட்டப்படும் ‘அன்றும் இன்றும்’ சுவரொட்டிகளில் பாதி இந்தச் சோதனையில் தேறாது.

காணொளியாக இருந்தால் முழு நீளப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடமாவது கேட்டுவிட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து வையுங்கள். ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எதிராளியின் வாதத்தைச் சொல்லிக் காட்டும் இடத்தை வெட்டி எடுத்து, அவருடைய கருத்தாகவே ஓட்டுவது பழைய வித்தை. இணையப் பக்கம் என்றால் முகவரியும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தேர்தல் நெருங்க நெருங்கப் பழைய பதிவுகள் காணாமல் போகும்.

கேள்வி: பேச்சை விட்டுவிடுங்கள். நாடாளுமன்றத்தில் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதை எங்கே பார்ப்பது? (திண்டுக்கல் வாசகர்)

நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் இரு அவைகளின் விவாதங்களும் நாள்வாரியாக இருக்கின்றன. பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஆதரித்தவர், எதிர்த்தவர் பட்டியல் அந்த நாளின் விவாதப் பதிவிலேயே வரும். மின்பலகையில் தெரியும் எண்ணிக்கை திருத்தத்துக்கு உட்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பொத்தான் வேலை செய்யாதவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

குடியுரிமைத் திருத்த மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 11.12.2019 அன்று மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுக ஆதரித்து வாக்களித்தது. இடைவெளி 20 வாக்கு, அதாவது ஆதரித்தவர்களில் 11 பேர் எதிர்ப்பக்கம் போயிருந்தால் மசோதா தோற்றிருக்கும். அப்போது அந்த அவையில் அதிமுகவின் பலமும் 11. அதே கட்சியின் 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கை, அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இந்த இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், அடைமொழி எதுவும் தேவையில்லை. ஆனால் ‘இந்த உறுப்பினர் ஆதரித்தார்’ என்று தனி ஆளைச் சொல்வதென்றால் பட்டியலில் அவர் பெயரைக் கண்ணால் பார்த்தபிறகு சொல்லுங்கள். அன்று அவர் அவைக்கே வராமல் இருந்திருக்கலாம்.

ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறிவிடும், அதில் பெயர்ப் பட்டியல் கிடையாது. 20.9.2020 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் இரண்டு, எதிர்க்கட்சிகள் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டும், குரல் வாக்கில்தான் நிறைவேறின. அந்த மாதிரி நாட்களுக்கு அவர் விவாதத்தில் பேசியதும், அவர் கொடுத்த திருத்தங்களும் மட்டுமே சாட்சி. நம் சட்டமன்றத்திலும் பெரும்பாலும் இதே கதைதான்.

கேள்வி: ‘கொறடா உத்தரவு, மீற முடியவில்லை’ என்கிறார். ஏற்கலாமா? (சேலம் வாசகர்)

பாதி ஏற்கலாம். 1985-இல் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவுக்கு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளைக்கு) மாறாக வாக்களித்தாலோ, முன் அனுமதியில்லாமல் வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் மட்டும் தப்பலாம். ஆக, அவருடைய வாக்கு கட்சியின் வாக்கு. அவருடைய பேச்சு அப்படியல்ல. கட்சிக் கூட்டத்தில் எதிர்த்தாரா, அவையில் ஒரு திருத்தமாவது கொடுத்தாரா, ஒரு கேள்வியாவது எழுப்பினாரா என்று கேளுங்கள். எதுவுமே இல்லையென்றால் கொறடாவைச் சாக்காகச் சொல்கிறார் என்று எழுதலாம்.

கட்சியே தன் நிலையை மாற்றிப் போட்ட வாக்குக்கு இந்தச் சாக்கும் இல்லை. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை திமுக வெளிப்படையாக எதிர்த்தது. 5.12.2012 அன்று மக்களவையில் அதற்கு எதிரான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அரசின் பக்கம் நின்றது. தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. அரசு கவிழ்ந்தால் பாஜகவுக்கு வழி திறந்துவிடும் என்பது திமுக சொன்ன காரணம். அந்தக் காரணத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள். அதை மறைத்தால் பதில் அறிக்கையில் உங்களைத்தான் பொய்யர் என்பார்கள்.

அதே நாளில் சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் முதலீட்டை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. வெளிநடப்பை எதிர்ப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வாக்களிப்பவர் எண்ணிக்கை குறையக் குறைய அரசு ஜெயிக்கத் தேவையான வாக்கும் குறையும். அன்று உதவியது எந்தப் பக்கத்துக்கு என்று கணக்குப் போட்டால் தெரியும்.

கேள்வி: தேர்தல் அறிக்கையை வைத்து மடக்க முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

முடியும், வினைச்சொல்லைப் படித்தால். ‘ரத்து செய்வோம்’, ‘ரத்து செய்யச் சட்டம் கொண்டுவருவோம்’, ‘ரத்து செய்ய வலியுறுத்துவோம்’ மூன்றும் மூன்று வாக்குறுதி. கடைசி வாக்குறுதி ஒரு கடிதம் எழுதினாலே நிறைவேறிவிடும்! மாநிலக் கட்சி மத்தியச் சட்டத்தைத் தானாக ரத்து செய்ய முடியாது என்பதால் அந்தச் சொல்லைப் போடுவது சட்டப்படி சரிதான். மேடையில் அதையே ‘ஒழித்துக் காட்டுவோம்’ என்று மாற்றிப் பேசும்போது பிடியுங்கள்.

நீட் விஷயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதிமுக ஆட்சியில் 2017 பிப்ரவரியில் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. திமுக ஆட்சியில் 13.9.2021 அன்று நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 8.2.2022 அன்று மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவித்தார். சட்டம் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று இரண்டு கட்சியையும் சொல்ல முடியாது. ‘வந்தால் நீட் இருக்காது’ என்று யார் எந்த மேடையில் சொன்னார்கள் என்பது தனிக் கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

தேசியக் கட்சிகளும் தப்பவில்லை. வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டத்தை நீக்குவோம் என்று 2019 அறிக்கையில் சொன்ன காங்கிரஸ், அந்தச் சந்தைக்கு வெளியே விற்க வழிவிட்ட வேளாண் சட்டங்களை 2020-இல் எதிர்த்தது. விளக்கம் கொடுத்தார்கள், அதைப் படித்துவிட்டு எடை போடுங்கள். மோடி முதல்வராக இருந்தபோது குஜராத் அரசு எதிர்த்த ஜிஎஸ்டி, அவர் பிரதமரானபின் 1.7.2017-இல் நடைமுறைக்கு வந்தது. மசோதாவின் எந்தப் பிரிவை முன்பு எதிர்த்தார்கள், அந்தப் பிரிவு மாறியதா என்று அங்கேயும் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று கட்சி மாறியவரைக் கொள்கை முரண்பாட்டுக்காக விமர்சிக்கலாமா? (கரூர் வாசகர்)

முதலில் அவருக்குக் கொள்கை ஒன்று இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமே.

கேள்வி: கருத்தை மாற்றிக்கொள்வதே குற்றமா? அண்ணா திராவிட நாட்டைக் கைவிடவில்லையா? (காஞ்சிபுரம் வாசகர்)

நல்ல கேள்வி. 1962-இல் மாநிலங்களவையில் பிரிவினைக்காக வாதாடியவர் 1963-இல் அதைக் கைவிட்டார். இடையில் சீனப் போர் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அவர் செய்ததைக் கவனியுங்கள்: மாறினேன் என்று ஒப்புக்கொண்டார், ஏன் என்று சொன்னார், பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் மறைக்கவில்லை. ஏற்பதும் ஏற்காததும் வேறு. ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்பவரையும் அவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எதிர்முனைக்கு, அமெரிக்காவில் 2004 அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி. இராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கு 8,700 கோடி டாலர் கேட்ட மசோதா 2003-இல் வந்தது. பணக்காரர்களுக்கான வரிக் குறைப்பைத் திரும்பப் பெற்று அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். அது தோற்றது. மூல மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். 2004 மார்ச்சில் கூட்டமொன்றில் இதை விளக்கும்போது, எதிர்த்து வாக்களிக்கும் முன் ஆதரித்து வாக்களித்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். புஷ் தரப்பு அந்த வரியை விளம்பரமாக்கியது. சொன்னது உண்மை, சுருக்கியதில் கேலிக்கூத்தானது. இராக் போருக்கு அதிகாரம் கொடுத்த 2002 வாக்கையும் பிந்தைய போர் எதிர்ப்புப் பேச்சையும் ஒப்பிட்டிருந்தால் அது நியாயமான விமர்சனம். அந்த 8,700 கோடி பற்றிய வாக்கியத்தைப் பிடித்தது அப்படியல்ல.

கேள்வி: துண்டறிக்கை போட்டால் வழக்கு வருமா? (விருதுநகர் வாசகர்)

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளின் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றை, அச்சிட்ட தாளோடு, அச்சகத்தார் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜெராக்ஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் சட்டத்தின் கண்ணில் அச்சுதான்.

அதே சட்டத்தின் 123(4) பிரிவு, வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தோ, உண்மையென்று நம்பாமலோ வெளியிடுவதைப் பிடிக்கும். அதை எதிர்வேட்பாளரின் சம்மதத்தோடு செய்தால் அவர் ஜெயித்தும் தேர்தல் செல்லாமல் போகலாம். அவதூறு வழக்கு தனி. பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்டதைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அதில் விலக்கு உண்டு. வரி எழுதும்போது வித்தியாசம் இப்படித் தெரியும்:

‘பணம் வாங்கிக்கொண்டு மாறிவிட்டார்’ – ஆதாரம் கையில் இல்லாவிட்டால் இது வழக்கு.

‘இந்தத் தேதியில் எதிர்த்துப் பேசினார், இந்தத் தேதியில் ஆதரித்து வாக்களித்தார், இடையில் காரணம் சொல்லவில்லை’ – இது விமர்சனம்.

‘காரணம் சொல்லவில்லை’ என்று எழுதுமுன் அவரிடம் எழுத்தில் கேட்டு ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். கேட்ட தேதியையும் தாளில் போடுங்கள்.

கேள்வி: வாக்குக் கேட்டு வீதிக்கு வரும்போது நேரில் கேட்டால் பதில் வருமா? (மன்னார்குடி வாசகர்)

ஒரே கேள்வி, ஒரே தேதி, இருபது சொல்லுக்குள். ஐந்து விஷயத்தை அடுக்கினால் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ‘ஏன் மாறினீர்கள்?’ என்றால் ‘மாறவில்லை’ என்பார். ‘அண்ணே, அன்று நீங்கள் சொன்னது தப்பா, இன்று சொல்வது தப்பா?’ என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு ஓடட்டும். சொன்ன பதிலை அன்றைக்கே நோட்டில் அடுத்த வரியாக ஏற்றிவிடுங்கள்.