கரண்ட் கீசரா, கேஸ் கீசரா?

கேஸ் கீசர்தான் மலிவு என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (சாட்ஸ்வர்த்)

முதலில் ஒரு கணக்கு. நல்ல கீசரில் ஒரு கிலோ கேஸ் எரிந்தால், சுமார் 11 யூனிட் மின்சாரம் தருகிற சூடு கிடைக்கும். ஆகவே கேஸின் கிலோ விலையை 11-ஆல் வகுத்து, உங்கள் மின் யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் மாதத்தின் முதல் புதன்கிழமை கேஸ் விலை மாறும், போன மாத ரசீதை நம்ப வேண்டாம்.

கணக்கு அதோடு முடியவில்லை. பழைய 150 லிட்டர் கரண்ட் கீசரில் யாருமே குழாயைத் திறக்காவிட்டாலும், தொட்டியின் சூடு ஆறுவதிலேயே நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேல் போய்விடும். கேஸ் கீசருக்கு இந்தச் செலவு இல்லை. குழாயைத் திறந்தால்தான் எரியும். கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும். ஏழெட்டுப் பேர் குளிக்கும் வீட்டில் அது பெரிதில்லை. என்னைக் கேட்டால், நன்றாக ஓடும் கீசரைக் கழற்ற வேண்டாம். தொட்டி ஓட்டை விழும் நாளில் யோசியுங்கள். அதுவரை தொட்டிக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் சூடு காக்கும் உறை போடுங்கள்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில், நாலைந்து பேருக்கு மேல் வெந்நீர் வருவதில்லை. (டோங்காட்)

வராதுதான். கீசருக்குள் சூடாக்கும் 3 கிலோவாட் எலிமென்ட், 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் வீட்டில் சண்டையே வந்துவிடும். கேஸ் கீசரில் சிலிண்டர் தீரும்வரை வெந்நீர் வரும். ஆனால் ஒரு நாளுக்காக அதை வாங்குவது வீண். அன்று மட்டும் ஷவரை மூடிவிட்டு, ஆளுக்கு இரண்டு வாளி என்று வையுங்கள். சீயக்காய் போக அது போதும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) வந்தால் கேஸ் கீசர் ஓடுமா? (பீனிக்ஸ்)

பேட்டரியில் பற்றும் வகை ஓடும். உள்ளே ஃபேன் உள்ள வகைக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் தண்ணீர் பம்பில் வந்தால் இரண்டும் ஓடாது.

ஜூலைக் குளிரில் 12 லிட்டர் கேஸ் கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. பழுதா? (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

பழுதாக இருக்காது. 12 லிட்டர் என்றால், நிமிடத்துக்கு அவ்வளவு தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் என்று பொருள். டர்பனில் அது போதும். உங்கள் ஊர்க் குளிரில் குழாய்த் தண்ணீரே 10 டிகிரிக்கு இறங்கினால் 35-தான் கிடைக்கும். குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆனால் 45-ஐத் தாண்டும். அப்புறம், கீசர் வெளிச்சுவரில் இருந்தால், உறைபனி இரவுகளில் உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்தால் செப்புக் குழாய் வெடிக்கும்.

இடம் இல்லை, குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டலாமா? (மெர்பேங்க்)

வேண்டாம். மூடிய சிறு அறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான். கதவைத் திறக்கும் தெம்புகூட இருக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்பது பதில் ஆகாது, குளிர்காலத்தில் யார் திறப்பார்கள்? வெளிச்சுவரில், ஜன்னலை விட்டுத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். பதிவு பெற்ற கேஸ் ஆளைக் கொண்டு செய்து, கையோடு சான்றிதழ் வாங்குங்கள். வீட்டை விற்கும்போதும் அதைக் கேட்பார்கள்.