ஃபென்டானில் சட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறுவை சிகிச்சையில் வலி தெரியாமலிருக்க ஃபென்டானில் மருந்து கொடுக்கிறார்களே, அதை ஏன் சட்டம் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது?

பதில்: மருந்தாகவும் நஞ்சாகவும் அதைப் பிரிப்பது அளவுதான். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. மருத்துவர் மைக்ரோகிராம் கணக்கில் செலுத்தி, நோயாளியின் மூச்சைக் கண்காணிக்கிறார். கள்ள மாத்திரையிலோ 2 மில்லிகிராம் இருந்தாலே உயிர் போகக்கூடும். தூள் சீராகக் கலக்காததால், ஒரே பொட்டலத்தில் ஒரு மாத்திரை லேசாகவும் அடுத்தது உயிர்க்கொல்லியாகவும் அமைந்துவிடும். அதனால்தான் அமெரிக்கச் சட்டம் மருந்தாகப் பயன்படும் ஃபென்டானிலைக் கட்டுப்பாட்டுடன் மருத்துவத்துக்கு அனுமதிக்கும் 2ஆம் பட்டியலிலும், மருத்துவப் பயன் ஏற்கப்படாத அதன் உறவுப் பொருள்களை (மூலக்கூறு சற்றே மாறிய வடிவங்களை) மிகக் கடுமையான 1ஆம் பட்டியலிலும் வைத்திருக்கிறது.

கேள்வி: மூலக்கூறைச் சற்று மாற்றிப் புதுப்பெயரில் விற்றால் சட்டம் என்ன செய்யும்?

பதில்: பல ஆண்டுகள் திணறியது. ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லித் தடை செய்வது பழைய வழி. ஆய்வகம் கண்டுபிடித்து, ஆணை பிறப்பித்து முடிப்பதற்குள் தயாரிப்பவர் அடுத்த வடிவத்துக்குப் போய்விடுவார். இதை அடைக்க அமெரிக்கா 1986-ல் 'ஒத்த பொருள்' சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, தடை செய்யப்பட்ட பொருளோடு அமைப்பு கணிசமாக ஒத்திருக்கிறது, மனிதர் உட்கொள்ளத்தான் விற்கப்பட்டது என்றெல்லாம் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஒரு வழக்கில் நிரூபித்தாலும் அடுத்த வழக்கில் வேதியியல் நிபுணர்களின் வாதம் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது வழி, குடும்பத்தையே தடை செய்வது. ஃபென்டானிலின் அடிப்படை அமைப்பில் எந்தெந்த இடங்களில் மாற்றம் செய்தால் தடைக்குள் வரும் என்று சட்டமே வரையறுக்கிறது. 2018 பிப்ரவரியில் தற்காலிக ஆணையாக வந்த இதை, 2025 ஜூலை 16 அன்று கையெழுத்தான சட்டம் நிரந்தரமாக்கியது. சீனா 2019 மே மாதமே இப்படிச் செய்தது. உடனே வணிகம் மூலப்பொருள்கள் பக்கம் திரும்பியது. ஐ.நா. 2017-லேயே சில முக்கிய மூலப்பொருள்களைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது; 2022-ல் மேலும் சிலவற்றைச் சேர்த்தது. மூலப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாத நாடு பாதிக் கதவைத்தான் அடைத்திருக்கிறது.

குடும்பத்தையே தடை செய்வதில் ஒரு குறை உண்டு. சோதித்தே பார்க்காத பொருள்களும் வலைக்குள் விழும். அவற்றில் சில போதையே தராதவை என்று தெரியவந்திருக்கிறது. அப்படிப்பட்டதைப் பட்டியலிலிருந்து விரைவாக நீக்கும் வழியும், ஆய்வாளருக்குத் தாமதமில்லாத அனுமதியும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. போதையை முறிக்கும் அடுத்த மருந்து அந்தப் பொருள்களிலிருந்தே கிடைக்கலாம்.

கேள்வி: தண்டனை எடையை வைத்தா?

பதில்: அமெரிக்காவில் ஆம், விற்பனைக் குற்றங்களுக்கு. ஃபென்டானில் கலந்த பொருள் 40 கிராம் இருந்தால் குறைந்தது 5 ஆண்டு, 400 கிராமுக்கு 10 ஆண்டு. உறவுப் பொருள்களுக்கு 10 கிராமும் 100 கிராமும்தான் எல்லை. கலவையின் மொத்த எடை கணக்கில் வரும். உள்ளே எவ்வளவு மருந்து என்று பார்ப்பதில்லை. மாத்திரை சுமார் 0.1 கிராம் என்றால், உறவுப் பொருள் கலந்த நூறு மாத்திரையிலேயே 5 ஆண்டு வந்துவிடும். பெரிய கடத்தல்காரரையும் தன் போதைக்காகச் சில்லறையாக விற்கும் நோயாளியையும் எடை மட்டும் பிரித்துக் காட்டாது.

கேள்வி: நிட்டசீன் என்கிறார்களே, அதுவும் ஃபென்டானிலா?

பதில்: இல்லை, வேறு குடும்பம். 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் வலிநிவாரணி ஆய்வில் பிறந்து, மருந்தாக வராமலே நின்றது. ஃபென்டானில் குடும்பத்தடை இதைத் தொடாது. அதனால் பிரிட்டன் 2025 ஜனவரியிலும் சீனா அதே ஆண்டு ஜூலையிலும் நிட்டசீனுக்குத் தனியாகக் குடும்பத்தடை விதித்தன.

போதைப்பொருளில் ஃபென்டானில் கலந்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை நம்புவோர் கவனிக்க: ஃபென்டானில் பட்டை நிட்டசீனைக் காட்டாது; அதற்கென்று தனிப் பட்டை உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்பட்டைகளே முன்பு போதைக் கருவியாகக் கருதப்பட்டன. சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அச்சமின்றி வைத்திருக்க முடிந்தது.

இவ்வகைப் போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்து, ஃபென்டானில், நிட்டசீன் இரண்டுக்கும் வேலை செய்யும். மயங்கியவர் மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் முதலில் அவசர ஊர்தியை அழையுங்கள். 4 மில்லிகிராம் நலோக்சோன் தெளிப்பை ஒரு மூக்குத் துளையில் அடியுங்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் விழிக்காவிட்டால் மறு துளையில் இரண்டாவது தெளிப்பு. விழித்த பிறகும் தனியே விடாதீர்கள். நலோக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடத்தில் குறைந்துவிடும், உடலில் மிச்சமுள்ள போதை மீண்டும் மூச்சை அமுக்கலாம்.